ஆற்றின் கழுத்தை வெட்டினால் ஏரி வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் சாதாரண தரம், உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு பற்றிய பாடம் வந்தால் வகுப்பு நேரம் போதாது. மூதூர், கிண்ணியா, வெருகல், தம்பலகாமம் பக்கத்துப் பிள்ளைகள் ஆற்றோடும் வெள்ளத்தோடும் வளர்ந்தவர்கள். படத்தைக் காட்டியதும் கேள்வி வரத் தொடங்கிவிடும். மனிதனே ஆற்றை வெட்டி ஏரி உண்டாக்கிய கதையைச் சொன்ன பிறகு, பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற பெற்றோரும் வாசலில் நின்று கேட்கிறார்கள்.

திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே மறுபடி சொல்லவில்லை, ஆகையால் வரிசையாக வாசிப்பது நல்லது.

சேர், குருட்டாறு என்றால் அது ஆறா, ஏரியா?

பிறக்கும்போது ஆறு, பிறகு ஏரி. ஆறு ஒரு பெரிய வளைவில் போய்க்கொண்டிருக்கிறது. ஒருநாள் அந்த வளைவைச் சுற்றாமல் குறுக்கே ஒரு வழி பிடித்துவிடுகிறது. பழைய வளைவின் இரண்டு வாயும் மணலால் அடைபட்டு, நடுவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஓட்டம் இல்லாத, போக வழி இல்லாத அந்தப் பழைய ஆற்றுத் துண்டுதான் குருட்டாறு.

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் குதிரைக் குளம்பு ஏரி என்றும் எழுதுகிறார்கள். ஒக்ஸ்போ (oxbow) என்ற ஆங்கிலப் பெயர், எருதின் கழுத்தைச் சுற்றி நுகத்தில் பூட்டுகிற வளைந்த மரத்திலிருந்து வந்தது. குளம்பு, நுகமரம், இரண்டும் ஒரே வடிவத்தைத்தான் சொல்கின்றன. எனக்குக் குருட்டாறு என்ற சொல்தான் பிடிக்கும், அது வடிவத்தோடு அந்தத் தண்ணீரின் நிலைமையையும் சொல்லிவிடுகிறது.

ஆறு எதுக்கு வளைஞ்சு வளைஞ்சு போகுது? நேரா போனா கெதியா கடலுக்குப் போயிடுமே?

மலையில் அது கிட்டத்தட்ட நேராகத்தான் இறங்குகிறது. சமவெளிக்கு வந்ததும் சரிவு குறைகிறது, கரை மண் இளகியதாக இருக்கிறது. எங்கோ ஒரு சின்னக் கோணல் இருந்தால் போதும். வளைவின் வெளிக்கரையில் தண்ணீர் வேகமாக மோதி மண்ணை அரிக்கும். உள்கரையில் மெதுவாகப் போய் மணலைப் போடும். வெளிக்கரை பின்னுக்குப் போக, உள்கரை முன்னுக்கு வர, வளைவு இன்னும் வளைகிறது.

ஆறு வளைகிற எந்த இடத்திலும் இதைக் கண்ணால் காணலாம். ஒரு பக்கம் செங்குத்தாக இடிந்து, மர வேர்கள் காற்றில் தொங்கும். எதிர்ப்பக்கம் சாய்வான மணல்திட்டு, அதில் மாடுகள் இறங்கித் தண்ணீர் குடிக்கும். மாடுகளுக்குப் பாடம் சொல்ல ஆளில்லை, ஆனாலும் எந்தக் கரையில் இறங்குவது என்று அவற்றுக்குத் தெரியும்.

வளைவு தானாக எப்படி அறுபடுகிறது?

வளைவு பெருக்கப் பெருக்க, அதன் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நெருங்கி வரும். நடுவில் மிஞ்சுகிற ஒடுங்கிய நிலத்தைக் கழுத்து என்கிறோம். ஒரு பெருவெள்ளத்தில் தண்ணீர் கழுத்தைத் தாண்டிப் பாய்ந்தால் அதுவே புது வழியாகிவிடும்.

அப்ப மனிதன் செய்த குருட்டாறு என்றால், முழு ஏரியையும் தோண்டினாங்களா?

இல்லை. இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். மனிதன் தோண்டுவது கழுத்தில் ஒரு வாய்க்கால் மட்டும். ஏரிக்குள் யாரும் ஒரு மண்வெட்டி மண்ணும் அள்ளுவதில்லை, அது ஏற்கெனவே ஆறாக இருந்த இடம். புது வழியை அகலமாக்குவதும், பழைய வாயை மணல் போட்டு மூடுவதும் ஆற்றின் வேலை.

ஹங்கேரி நாட்டுத் திசா ஆற்றில் 19ஆம் நூற்றாண்டில் இப்படி 112 வெட்டுகள் வெட்டினார்கள். ஆற்றின் முழு அகலத்துக்கு வெட்ட ஆளும் இல்லை, காசும் இல்லை. ஒடுங்கிய வழிகாட்டி வாய்க்கால்களை வெட்டிவிட்டு, மிச்சத்தை ஆற்றிடம் விட்டார்கள். 1419 கிலோமீற்றர் நீளமாக இருந்த ஆறு 966 கிலோமீற்றராகச் சுருங்கியது. வெட்டி விடப்பட்ட வளைவுகளை அந்த ஊர்க்காரர்கள் செத்த திசா என்ற பொருளில் அழைக்கிறார்கள்.

சும்மா ஒரு வாய்க்கால் வெட்டினா ஆறு ஏன் அதுக்குள்ள போகோணும்? பழைய வழி பெரிசாத்தானே இருக்கு?

சரிவுதான் காரணம். கணக்குக்காக ஒரு வளைவை எடுப்போம். சுற்றிப் போனால் 10 கிலோமீற்றர், அந்தத் தூரத்தில் ஆறு 2 மீற்றர் இறங்குகிறது. கழுத்தின் அகலம் 2 கிலோமீற்றர். அதே 2 மீற்றர் இறக்கம் இப்போது 2 கிலோமீற்றருக்குள். சரிவு ஐந்து மடங்கு. தண்ணீரின் வேகம் சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடும் என்பதால், ஆழம் ஒன்றாக இருந்தால் வேகம் இரண்டு மடங்குக்கு மேல்.

வேகமான தண்ணீர் வாய்க்காலின் அடியையும் பக்கத்தையும் அரித்து, தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அது பெருக்கப் பெருக்க பழைய வளைவுக்குப் போகும் தண்ணீர் குறையும். குறைந்த தண்ணீருக்கு மணலைச் சுமக்கப் பலம் போதாது, வாயிலேயே போட்டுவிடும்.

தகரத்தில மண் வச்சு செய்து காட்டினீங்களாம், நான் அண்டைக்கு வரேல்ல. அதை ஒருக்காச் சொல்லுங்க சேர்.

ஒரு பழைய தட்டைத் தகரம், இரண்டு பக்கமும் பலகை, மேல்முனையின் கீழே ஒரு செங்கல். வீடு கட்டி மிஞ்சிய ஆற்றுமணலை ஈரப்படுத்திப் பரப்பி, விரலால் பெரிய வளைவு ஒன்று போட்டேன். மேலேயிருந்து குழாய்த் தண்ணீரை நூல் போல விட்டோம். வளைவைச் சுற்றித் தண்ணீர் ஒழுங்காக ஓடியது. வாசல் வேம்பிலிருந்து உதிர்ந்த பூக்களை ஒரு பிள்ளை பொறுக்கி வந்து மிதக்கவிட்டாள். அவை வளைவைச் சுற்றிப் போய்க் கீழே இறங்கின.

பிறகு ஒரு மாணவன் சுண்டுவிரல் நகத்தால் கழுத்தில் ஒரு கோடு கீறினான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கோட்டில் ஈரம் ஊறியது, அவ்வளவுதான். சிரிப்புக் கேட்டது. அதற்குள் கோட்டின் இரண்டு ஓரமும் பொடிப்பொடியாக உடைந்து விழத் தொடங்கின. நகத்தின் அகலம் விரலின் அகலமானது, பிறகு இரண்டு விரல். கோட்டின் மேல்முனையும் மேல்நோக்கி அரித்துக்கொண்டே போனது. பழைய வளைவின் வாயில் அரிசிமணி உயரத்துக்கு ஒரு மணல் வரம்பு எழும்பியது. அதற்குப் பின்னால் அகப்பட்ட வேப்பம்பூ ஒன்று போகவும் முடியாமல், அதே இடத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. குருட்டாறு என்ற சொல்லுக்கு நான் விளக்கம் சொல்லவேண்டியும் இருக்கவில்லை.

பெயர் சொல்லி ஒரு ஏரியைக் காட்டுங்க. இப்பவும் இருக்கா?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிறீன்வில் என்ற நகரம் இருக்கிறது. அதன் முன்னால் நீண்டு வளைந்து கிடப்பது பெர்கசன் ஏரி. 1930கள் வரை அது மிசிசிப்பி ஆற்றின் ஓட்டமே. அந்த இடத்தில் ஆறு மிக மோசமாக முறுக்கிக்கொண்டு போனது, கிறீன்வில் வளைவுகள் என்றே பெயர்.

1927ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, கிறீன்விலுக்கு மேலே மவுண்ட்ஸ் லாண்டிங் என்ற இடத்தில் அணை உடைந்து நகரமே தண்ணீருக்குள் போனது. அதுவரை மிசிசிப்பியைப் பொறுப்பெடுத்திருந்த பொறியியலாளர்கள் அணைக்கட்டை மட்டுமே நம்பியிருந்தார்கள், வளைவை வெட்டுவது ஆபத்து என்பது அவர்களின் நிலைப்பாடு. அந்த வெள்ளம் அதை மாற்றிவிட்டது. 1932இல் மிசிசிப்பி ஆற்று ஆணைக்குழுவின் தலைவராக வந்த ஜெனரல் ஹார்லி பெர்கசன் வெட்டத் தொடங்கினார். கிறீன்வில் பக்கத்தில் மட்டும் மூன்று வெட்டுகள்: லீலண்ட் 1933இல், டார்ப்லியும் ஆஷ்புரூக்கும் 1935இல். ஆறு நகரத்தை விட்டு விலகியது. நகரத்தின் முன்னால் மிஞ்சிய பழைய ஆற்றுக்கு வெட்டியவரின் பெயரையே வைத்தார்கள்.

அந்த ஏரியின் கீழ்வாயை அடைபட விடாமல் ஆற்றோடு தொடுத்து வைத்திருக்கிறார்கள். அதனால் கிறீன்வில் இன்றைக்கும் ஒரு துறைமுகம். ஓட்டமில்லாத தண்ணீரில் படகுகள் நின்று சரக்கு ஏற்ற வசதி அதிகம். முழுவதும் குருடாக விடாமல் ஒரு கண்ணைத் திறந்து வைத்த குருட்டாறு அது.

நம் தகர விளையாட்டை அவர்களும் விளையாடினார்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சந்தோசம். 1927 வெள்ளத்துக்குப் பின் விக்ஸ்பேர்க் நகரில் ஒரு நீரியல் ஆய்வுநிலையம் அமைத்து, ஆற்றின் பெரிய மாதிரி செய்து, எந்தக் கழுத்தை வெட்டினால் என்ன நடக்கும் என்று பார்த்தார்கள்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் வெட்டினாங்க? ஏரி வேணும் என்றா?

ஏரிக்காக யாரும் வெட்டவில்லை. வெள்ளம் கெதியாக வடிய வேண்டும், கப்பல் சுற்றாமல் போக வேண்டும், சதுப்பு காய்ந்து பயிர்நிலமாக வேண்டும், எல்லைக்கோடு நிலையாக நிற்க வேண்டும். இந்த நாலில் ஒன்று காரணமாக இருக்கும்.

ஜெர்மனியின் ரைன் ஆற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருந்தன. யோகான் துல்லா என்ற பொறியியலாளர் 1817இல் தொடங்கினார். வேலை முடிந்தது 1876இல். அவர் 1828இலேயே இறந்துவிட்டார். மேல்ரைன் சுமார் 81 கிலோமீற்றர் குறுகியது. முதல் வெட்டுக்கே நீலிங்கன் ஊர்க் கமக்காரர்கள் எதிர்ப்புக் காட்ட, படையைக் காவல் வைத்து வெட்டினார்கள். தங்கள் காணிக்கு நடுவே ஆற்றைத் திருப்புவதை அவர்கள் விரும்பவில்லை. எனக்கு அந்தக் கமக்காரர்களின் பயம் நன்றாக விளங்குகிறது.

வெட்டினா எப்பவும் ஏரி வருமா?

வராது. அதற்கும் விக்ஸ்பேர்க்தான் சாட்சி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்த நகரம் ஆற்று வளைவின் மேட்டில் பீரங்கிகளோடு இருந்தது. வளைவின் கழுத்தை வெட்டி ஆற்றையே திருப்பிவிட்டால் பீரங்கிக்கு முன்னால் கப்பல் போகத் தேவையில்லை என்று நகரத்தைப் பிடிக்க வந்த வடமாநிலப் படையினர் 1862இல் வெட்டினார்கள், 1863இல் அதே படையின் ஜெனரல் கிராண்ட் மறுபடி வெட்டினார். ஆறு உள்ளே வரவேயில்லை. ஆற்று மட்டம் இறங்கிவிட்டது, வாய்க்காலின் வாய் தண்ணீர் மோதாத இடத்தில் இருந்தது, பிறகு வந்த வெள்ளம் செய்த வேலையையும் உடைத்தது. நூற்றுக்கணக்கான தொழிலாளர் நோயில் செத்ததுதான் மிச்சம். அவர்களில் பலர் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள்.

13 ஆண்டு கழித்து, 1876ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி, ஆறு தானாகவே அந்தக் கழுத்தை அறுத்துக்கொண்டு போனது. விக்ஸ்பேர்க் ஆறில்லாத துறைமுகமாக நின்றது. வேறோர் ஆறான யாசூவைத் திருப்பி அந்தப் பழைய படுகைக்குத் தண்ணீர் கொண்டுவர 1903 வரை ஆனது.

கந்தளாய்க் குளமும் மனிதன் செய்ததுதானே. அதுவும் இதுவும் ஒண்டுதானே?

இல்லை. கந்தளாயில் ஓடி வருகிற தண்ணீரை மண்கட்டுக் கட்டி மறித்திருக்கிறார்கள். தண்ணீர் நிற்பதற்குக் காரணம் கட்டு. கட்டு உடைந்தால் என்ன நடக்கும் என்று 1986 ஏப்ரல் 20 இரவைக் கண்ட குடும்பங்களிடம் கேட்கத் தேவையில்லை. குருட்டாற்றில் மறித்து வைத்த தண்ணீர் இல்லை. ஆறு போய்விட்டது, பள்ளம் மிஞ்சியிருக்கிறது, அதில் தண்ணீர் கிடக்கிறது. உடைய ஒன்றும் இல்லை.

எங்கட பக்கம் வில்லு என்று சொல்லுறமே, அது குருட்டாறா?

சில வில்லுகள் ஆம், சில இல்லை. மகாவலியின் வெள்ளச் சமவெளியில், சோமாவதிக்கு மேலும் கீழும் கிடக்கிற வில்லுகள் ஆற்றோடு சம்பந்தப்பட்டவை. அவற்றில் ஆறு கைவிட்டுப் போன பழைய தடங்களும் உண்டு, வெள்ளம் ஏறி நிற்கிற அகன்ற பள்ளங்களும் உண்டு. மாரியில் ஆறு பெருகி உள்ளே ஏறும், வெயில் காலத்தில் வற்றி மாடு மேய நல்ல புல் கொடுக்கும். அந்தச் சமவெளியின் ஒரு பகுதி 1984இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வில்பத்துக் காட்டின் பெயரிலும் வில்லு இருக்கிறது. ஆனால் அங்குள்ள வில்லுகள் பெரும்பாலும் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளங்கள், குருட்டாறு அல்ல.

மகாவலிக்கரை வில்லுகள் இயற்கையாக வந்தவை. ஆனால் அவற்றின் இன்றைய நிலைமையில் மனிதனின் கை இருக்கிறது. 1976இல் பொல்கொல்ல, 1980களில் விக்டோரியா முதலான அணைகள் வந்த பிறகு, வெள்ளம் முன்போல ஏறி வில்லுகளை நிரப்புவதில்லை.

தம்பலகாமம் குடாவும் வளைஞ்சுதானே கிடக்கு?

அது கடலோடு தொடர்புள்ள களப்பு. உப்புத் தண்ணீர். வளைந்து கிடப்பதெல்லாம் குருட்டாறு ஆகாது.

தம்பி, நாலு பெக்கோவை விட்டுக் கங்கையை நேராக்கினா மூதூருக்கு வெள்ளம் வராதுதானே?

மூதூரில் கங்கை என்றால் மகாவலிதான். இதைக் கேட்டவர் ஒரு தகப்பன், மாரிக்கு மாரி வயல் தாழ்வதைக் கண்டவர். அவருக்கு அன்றைக்கு அவசரமாகச் சொன்னதை இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன்.

வெட்டினால் வெட்டிய இடத்துக்கு மேலே வெள்ள மட்டம் குறையும், அது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் மறைந்து போவதில்லை. முன்பு இரண்டு நாளில் வந்தது ஒரு நாளில் கீழே வந்து சேரும். திசா ஆற்றில் மேலே வெட்டிய வேகத்துக்குக் கீழே ஆறு ஈடுகொடுக்கவில்லை, வெள்ள மட்டம் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தது. 1879 மார்ச் 12ஆம் திகதி செகெட் என்ற பெரிய நகரம் அழிந்தது, ஆயிரக்கணக்கான வீடுகளில் சில நூறுதான் மிஞ்சின. மூதூர் இருப்பது 335 கிலோமீற்றர் ஆற்றின் கடைசியில். மேலே யார் எங்கே வெட்டினாலும் தண்ணீர் வந்து நிற்பது நம் வாசலில்.

இன்னும் இரண்டு விஷயம். நேராக்கிய ஆறு தன் அடியைத் தோண்டிக்கொண்டு கீழே இறங்கும். ரைனில் சில இடங்களில் படுகை பல மீற்றர் இறங்கி, கரையோரக் கிணறுகளின் தண்ணீரும் கூடவே இறங்கியது. மற்றது கடல். கொட்டியாரக் குடாவுக்குப் பக்கத்தில் ஆற்றின் சரிவு கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். படுகையை ஆழமாக்கினால் வெயில் காலத்தில் உப்பு மேலே ஏறும். வெள்ளத்துக்குப் பயந்து வெட்டி, கிணற்றை உப்பாக்கிக் கொள்ளக்கூடாது.

வெட்டின ஆறு பிறகு நேராவே இருக்குமா?

விட்டால் இருக்காது. இரண்டாவது கேள்வியில் சொன்ன அரிப்பும் படிவும் புது வழியிலும் அடுத்த நாளே தொடங்கிவிடும். மிசிசிப்பியில் 1929க்கும் 1942க்கும் இடையில் 16 வெட்டுகள் வெட்டி, சுமார் 240 கிலோமீற்றர் குறைத்தார்கள். ஆறு தன் பழைய நீளத்தை மறுபடி தேடத் தொடங்கியது. இன்றைக்கும் கொங்கிறீற்றுப் பலகைகளைக் கம்பியால் கோத்துப் பாய் மாதிரி செய்து கரையில் விரித்து, அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். தேய்ந்த இடத்தில் புதிது போட வேண்டும். இந்தச் செலவுக்கு முடிவு இல்லை.

சின்ன வெட்டு ஒண்டு பெரிய ஆபத்தா மாறினது உண்டா?

உண்டு. நான் வகுப்பில் அதிக நேரம் எடுப்பது இதற்குத்தான். 1831இல் ஹென்றி ஷ்ரீவ் என்ற நீராவிக் கப்பல் தலைவர், மிசிசிப்பியின் டேர்ன்புல் வளைவின் கழுத்தை வெட்டினார். கப்பல்கள் சுற்றாமல் போகட்டும் என்பதே நோக்கம். அந்த வளைவுக்குள்தான் செவ்வாறு மிசிசிப்பியோடு சேர்ந்தது, அங்கிருந்துதான் அச்சாஃபலாயா என்ற கிளை பிரிந்து கடலுக்குப் போனது. வெட்டிய பிறகு வளைவின் மேல்பாதி மூடிக்கொண்டது. கீழ்ப்பாதி பழைய ஆறு என்ற பெயரில் இணைப்பாக நின்றது.

அச்சாஃபலாயாவை அடைத்துக்கொண்டு கிடந்த பெரும் மரக்குவியலையும் பிறகு அகற்றினார்கள். அது கடலுக்குக் குறுக்குவழி, ஐந்தாவது பதிலில் சொன்ன அதே சரிவுக் கணக்கு. ஆண்டுக்காண்டு அது அதிகத் தண்ணீரைக் குடித்தது. 1950களில் முழு மிசிசிப்பியும் அந்தப் பக்கம் போய்விடும் என்று தெரிந்தது. போனால் நியூ ஓர்லியன்ஸ் நகரம் ஆறில்லாமல் நிற்கும். 1963இல் கட்டுப்பாட்டு மதகுகள் கட்டி அச்சாஃபலாயாவுக்கு நூற்றுக்கு 30, மிசிசிப்பிக்கு 70 என்ற பங்கைப் பிடித்து வைத்தார்கள். 1973 வெள்ளத்தில் அந்த மதகின் அடியே அரிபட்டு, மயிரிழையில் தப்பியது. 1831இல் மண்ணை வெட்டியவர்கள் இதில் ஒன்றையும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஏரி எவ்வளவு காலத்துக்கு இருக்கும்?

முதல் சில ஆண்டுகளில் இரண்டு வாயும் மணலால் அடைபடும், மேல்வாய் முதலில். அதற்குப் பிறகு மணல் உள்ளே வராது. வெள்ளம் ஏறும்போது கலங்கல் தண்ணீர் வந்து, தெளிந்து, மெல்லிய சேற்றைப் போட்டுவிட்டு வடியும். அதோடு உதிர்ந்த இலை, செத்த செடி. ஏரி விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சதுப்பாகும், பிறகு புல், பிறகு மரம்.

சிறியது சில பத்தாண்டுகளில் தூர்ந்துவிடும், ஆழமானது சில நூற்றாண்டு நிற்கும். ரைனில் துல்லா காலத்துக் குருட்டாறுகள் பல 200 ஆண்டை நெருங்கியும் தண்ணீரோடு இருக்கின்றன. தூர் எடுத்தும், கீழ்வாயைத் திறந்து வைத்தும் பலவற்றைக் காப்பாற்றுகிறார்கள்.

தேங்கின தண்ணியில மீன் இருக்குமா? நுளம்பு வராதா?

மீன் நன்றாக இருக்கும். அமைதியான, இளஞ்சூடான, தாவரம் நிறைந்த தண்ணீர் குஞ்சுக்குத் தொட்டில் மாதிரி. வெள்ளத்தில் ஆற்றுமீன் உள்ளே ஏறி முட்டையிட்டு, அடுத்த வெள்ளத்தில் குஞ்சுகள் வெளியே போகும். சேற்றைத் தாங்குகிற விரால், கெளுத்தி போன்றவற்றுக்கு இன்னும் சுகம். ஆனால் வயல் உரம் வடிந்து சேர்ந்தால் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் முகத்தை மூடும், அடியில் காற்று இல்லாமல் மீன் சாகும்.

நுளம்புக் கேள்விக்குப் பதில் நேரானது அல்ல. ரைனில் ஆற்றை நேராக்கிச் சதுப்பு காய்ந்த பிறகு மலேரியா குறைந்தது. நம் நாட்டு மலேரியா நுளம்போ, வெயில் படுகிற தெளிந்த ஆற்றுக்குட்டைகளை விரும்புவது. 1934-35இல் மா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றபோதுதான் சுமார் 80,000 உயிர்களைக் குடித்த கொள்ளைநோய் வந்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. மீன் உள்ள ஆழமான ஏரியை விட, வாய் அடைபட்டு மீனும் இல்லாமல் காய்கிற குட்டைதான் கவனிக்க வேண்டியது.

ஆறு எல்லையாக இருந்து, அதை வெட்டி மாத்தினா காணி யாருக்கு?

பொதுவான விதி இதுதான். கரை மெல்ல மெல்ல நகர்ந்தால் எல்லையும் கூட நகரும். ஆறு திடீரென்று பாய்ந்து வழி மாறினால் எல்லை பழைய படுகையிலேயே நிற்கும். 1877இல் மிசூரி ஆறு ஒரு வளைவை அறுத்துக்கொண்டு போனது. அதனால் கார்ட்டர் லேக் என்ற ஊர் ஆற்றின் மறுகரையில், நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரோடு ஒட்டிக் கிடந்தும், இன்றுவரை ஐயோவா மாநிலத்துக்குச் சொந்தம். 1892இல் உயர்நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது.

மனிதன் வெட்டினாலும் அதே விதி. 1906இல் அமெரிக்க நீர்ப்பாசன நிறுவனம் ஒன்று, மெக்சிகோ எல்லையான ரியோ கிராண்டே ஆற்றின் வளைவை அனுமதியில்லாமல் வெட்டியது. சுமார் 170 ஹெக்டெயர் அமெரிக்க நிலம் ஆற்றுக்குத் தெற்கே, மெக்சிகோப் பக்கம் போய்விட்டது. அங்கே மெக்சிகோ மக்களின் ஊர் ஒன்றும் வளர்ந்தது. 1970 உடன்படிக்கையின்படி 1977இல் தான் அந்த நிலம் முறையாக மெக்சிகோவுக்குக் கைமாறியது. நடுவில் அங்கே பிறந்தவர்களுக்கு எந்த நாட்டுக் குடியுரிமை என்ற வழக்கும் நடந்தது.

படத்தைப் பார்த்து, இது மனிதன் வெட்டினதா தானா வந்ததா என்று கண்டுபிடிக்கலாமா?

பெரும்பாலும் முடியும். தொலைபேசியில் செய்மதிப் படத்தைத் திறந்து திசாவையோ ரைனையோ பாருங்கள். ஆறு கோடு போட்டது போலப் போகும். அதன் இரண்டு பக்கமும் மாறி மாறி வளைவுகள் வரிசையாகக் கிடக்கும், கிட்டத்தட்ட ஒரே வயது. இயற்கையானதில் ஆறு இன்னும் முறுக்கிக்கொண்டே இருக்கும். குருட்டாறுகள் ஒழுங்கில்லாமல், ஒன்று நிறையத் தண்ணீரோடும் பக்கத்தில் ஒன்று முழுவதும் தூர்ந்து பச்சை வடுவாகவும், வேறு வேறு வயதில் இருக்கும். பக்கத்தில் அணைக்கட்டு நேராக ஓடினால் அதுவும் ஒரு தடயம்.

பிறகு நம் மகாவலியை மன்னம்பிட்டியிலிருந்து வெருகல் வரை விரலால் தள்ளிக்கொண்டு வாருங்கள். வித்தியாசம் அப்போதே தெரியும்.

வெட்டினது பிழை என்று தெரிஞ்சா, ஆத்தைத் திருப்பிப் பழைய வளைவுக்கே கொண்டுவரலாமா?

ஒரு இடத்தில் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். புளோரிடாவின் கிசிம்மி ஆறு 166 கிலோமீற்றர் வளைந்து ஓடியது. 1962க்கும் 1971க்கும் இடையில் அதை 90 கிலோமீற்றர் நேர்க் கால்வாயாக்கினார்கள், ஆழம் சுமார் 9 மீற்றர். வெள்ளம் அடங்கியது. ஆனால் வெட்டி விடப்பட்ட வளைவுகளில் தண்ணீர் நின்று நாறியது, ஒட்சிசன் இல்லாமல் மீன் செத்தது, சதுப்பு காய்ந்து நீர்ப்பறவைகள் வராமல் போயின. கால்வாய் முடிந்த கையோடு ஊர்மக்களும் மீன்பிடிப்பவர்களும் பழையபடி ஆக்கு என்று கேட்கத் தொடங்கினார்கள்.

1999இல் வேலை தொடங்கியது. தோண்டி ஓரத்தில் கொட்டிக் கிடந்த அதே மண்ணை அள்ளி, கால்வாயின் நடுப்பகுதியில் சுமார் 35 கிலோமீற்றரை மூடினார்கள். வெள்ளம் பரவ இடம் வேண்டுமென்று பக்கத்துக் காணிகளை அரசு முதலில் வாங்க வேண்டியிருந்தது. அடைபட்ட வாய்கள் திறந்து, தண்ணீர் மறுபடி பழைய வளைவுகளுக்குள் போனது. பல ஆண்டுகளாகப் படிந்திருந்த கருஞ்சேற்றை ஓட்டம் கழுவிக்கொண்டு போக, கீழேயிருந்து வெள்ளை மணல் வெளிப்பட்டது. கொக்கும் நாரையும் வாத்தும் திரும்பி வந்தன. 2021இல் வேலை முடிந்தது. எல்லா வளைவும் திரும்பவில்லை. மேலேயும் கீழேயும் கால்வாய் இன்னும் கால்வாயாகத்தான் இருக்கிறது. வெட்டி முடிக்க 9 ஆண்டு எடுத்ததில் பாதிக்கும் குறைந்த நீளத்தை மூட 22 ஆண்டு எடுத்தது.